சொல்லும் அதன் துணையும்

மொழி பயிலும் மாணவர் பலரிடத்தும் ஒரு குறை காணப்படுகிறது. தனித்தனிச் சொற்களை நூற்றுக்கணக்கில் நெட்டுருச் செய்திருப்பர். ஒவ்வொன்றின் பொருளையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லுவர். ஆயினும் அச்சொற்களைக் கொண்டு ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னால் தயங்கி நிற்பர். 'மெடிசின்' என்பது மருந்து. 'ஈட்' என்பது சாப்பிடுதல். ஆகவே 'மருந்து சாப்பிட்டேன்' என்பதை அவ்விரு சொற்களாலும் பெயர்த்து எழுதிவிடுவர். அதில் எழுத்துப் பிழை இல்லை. எழுவாயும் பயனிலையும் உரிய இடத்தில் நிற்கின்றன. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோர் மருந்தை 'ஈட்' செய்வதில்லை, 'டேக்' செய்கின்றனர். 'கனவு கண்டேன்' என்று நாம் சொல்லுவதை அவர் 'ஐ ஹேட் எ ட்ரீம்' என்பர். நமக்குக் கனவு காட்சி; அவர்க்கு அஃது உடைமை.

ஒரு சொல் தன்னுடன் வருவதற்கு எந்தச் சொல்லைத் துணையாகக் கொள்ளும், எதைக் கொள்ளாது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. இவ்வாறு வழக்கினால் இணைந்து வரும் சொற்களைச் சொற்சேர்க்கை என்போம். ஆங்கில ஆசிரியர்கள் இதனைக் 'கொலொக்கேஷன்' என்று வழங்குகின்றனர். இச்சேர்க்கைகளைத் தனியே ஆராய்ந்து கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அந்த வரலாற்றில் நம் தருமபுரிச் சீமைக்கும் நம் நாட்டிற்கும் என்ன தொடர்பு என்பதையே ஈண்டு நோக்குவோம்.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குதல் நலம். தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகு பேருணவு. இங்கே எந்தத் தாயும் 'களி சமைத்தேன்' என்று சொல்லமாட்டாள். 'களி கிண்டினேன்' என்பாள். சோற்றை வடிப்பாள்; கீரையைக் கடைவாள்; அப்பளத்தைப் பொரிப்பாள். இவ்வினைகளை இடம் மாற்றி, 'கீரையை வடித்தேன், களியைக் கடைந்தேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் வேற்றூரார் என்று சிறு குழந்தையும் அறிந்து நகைக்கும். பள்ளியில் இதனை வினைமரபு என்று கற்பிக்கின்றனர். பானை வனைதல், கூடை முடைதல், ஆடை நெய்தல், அம்பு எய்தல், சுவர் எழுப்புதல் என்று மாணவர் ஒப்பிக்கின்றனர்.

தமிழிலக்கணம் இதனை மிகப் பழங்காலத்திலேயே கருதியிருக்கிறது. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்னும் முதல் இயலில் இதற்கென்றே ஒரு விதி உள்ளது. சோறு உண்ணப்படும், பணியாரம் தின்னப்படும், பால் பருகப்படும். இவையெல்லாம் அடங்கிய பொதுச்சொல் 'அடிசில்' என்பது. அப்பொதுச்சொல்லுக்கு, ஒன்றற்கே உரிய வினையைக் கொடுத்தல் ஆகாது என்பது அவ்விதியின் கருத்து. உரையாசிரியர்கள் 'அடிசில் அயின்றார்' என்று பொதுவினை கொடுத்து எழுதுமாறு காட்டினர். இசைக்கருவிகளுக்கும் அவ்வாறே. குழலை ஊதுவர், முழவைக் கொட்டுவர், இரண்டையும் அடக்கிய 'இயம்' என்னும் சொல்லுக்கு 'இயம்பினார்' என்பதே பொருந்தும். எந்தப் பெயர்க்கு எந்த வினை துணையாகும் என்பதை இலக்கணத்தின் பகுதியாகவே நம் முன்னோர் கொண்டனர் என்பது இதனால் விளங்கும். ஆதலின் ஆங்கிலச் சொற்சேர்க்கை என்பது நமக்குப் புதிய புதிர் அன்று. பழகிய பொருளை வேறொரு மொழியில் காண்கிறோம், அவ்வளவே.

இனி ஆங்கிலம் இந்த மண்ணுக்கு வந்த வரலாற்றைப் பார்ப்போம். 1792 ஆம் ஆண்டு நிகழ்ந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் வந்தது. அதனை நிருவகிக்கக் காப்டன் அலெக்சாந்தர் ரீட் என்பவர் அமர்த்தப்பட்டார். மன்றோ, மக்லியட், கிரகாம் என்னும் மூவர் அவருக்கு உதவியாளர். நால்வரும் படைத்துறையைச் சேர்ந்தவர்கள். வரி வாங்கும் பணிக்குச் சென்னையில் சிவில் உத்தியோகஸ்தர்கள் இருக்கையில், போர்வீரர்களை ஏன் அனுப்பினர்? சென்னைச் சிவில் உத்தியோகஸ்தர்களில் நாட்டு மொழி அறிந்தவர் மிகச் சிலரே என்றும், அதனால் அவர்கள் தம் துபாஷிகளின் கைக்குள் அடங்கியவர்களாக இருந்தனர் என்றும் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கருதினார். மக்களோடு நேரே பேசக்கூடியவர்கள் அவருக்குத் தேவைப்பட்டனர்.

துபாஷி என்பவன் இரு மொழி அறிந்தவன். ஒருவர் சொல்லை மற்றவர்க்கு எடுத்துரைப்பவன். மொழி அறியாத அதிகாரி, அவன் சொல்லுவதையே உண்மை என்று கொள்ள வேண்டியிருந்தது. மொழி அறியாமை ஒருவனை எந்த அளவுக்குப் பிறர்க்கு அடிமையாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆளுவோருக்கே அந்நிலை என்றால், ஆளப்படுவோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் இப்பகுதியில் பணிபுரிந்தார். தருமபுரியே அவர் தங்கியிருந்த ஊர். ஊர் ஊராகச் சென்று, நிலத்தை அளப்பித்து, உழுபவனோடு நேரே தீர்வை பேசி முடிக்கும் முறை இங்கே உருவாயிற்று. பிற்காலத்தில் இரயத்துவாரி முறை என்று பெயர்பெற்ற அது, பின்னர்ச் சென்னை இராசதானியின் பெரும்பகுதியிலும் பரவியது.

நிலத்தைப் பற்றிய இந்த அலுவல்களால் சென்னை இராசதானியில் ஒருவகை ஆங்கிலம் வளர்ந்தது. அதன் சொற்சேர்க்கைகள் இந்த மண்ணுக்கே உரியவை. ஓர் உதாரணம் கூறுவோம். இங்கிலாந்தின் மாலுமி ஒருவன் 'டிரை லேண்ட்' என்றால் அது கரையைக் குறிக்கும். கடலிலிருந்து இறங்கி அவன் கால் வைக்கும் திடலே அது. அதே இரு சொற்கள் சென்னையின் வருவாய்த்துறைக் காகிதத்தில் வரும்போது புன்செய் என்று பொருள்படும். 'வெட் லேண்ட்' என்பது இங்கிலாந்தில் சதுப்பு நிலம்; நம் வருவாய்க் கணக்கில் அது நன்செய். சொற்கள் மாறவில்லை. அவற்றின் எழுத்தும் ஒலியும் மாறவில்லை. வழங்கும் இடம் மாறியதால் பொருள் மாறியது. நன்செய்க்குத் தீர்வை மிகுதி, புன்செய்க்குக் குறைவு என்பது பொதுவான நிலையாதலால், இந்த வேற்றுமை ஒரு குடியானவனின் வயிற்றைத் தொடும் வேற்றுமையாகும். 'டிரை' என்பதற்கும் 'லேண்ட்' என்பதற்கும் அகராதியில் தனித்தனியே பொருள் பார்த்த ஒருவன், இந்தக் காகிதத்தைப் படித்து உண்மையை அறிந்திருக்க முடியாது.

ஆங்கில அதிகாரிகள் நாட்டு மொழிகளைக் கற்கவேண்டும் என்ற எண்ணம் வளர்ந்து, 1812 இல் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. எல்லிஸ் துரை அதன் தோற்றத்திற்கு முதன்மையானவர். மன்றோ 1820 இல் சென்னைக் கவர்னர் ஆனார். 1822 இல் இராசதானியின் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள் உள்ளன என்று அக்கணக்கு காட்டியது. அதன்மேல் 1826 இல், ஒவ்வொரு மாவட்டத்திலும் தாசில்தாரியிலும் அரசாங்கப் பள்ளிகளை நிறுவ வேண்டுமென்று அவர் திட்டம் வகுத்தார். மறு ஆண்டிலேயே அவர் காலமானார்.

அதன்பின் காற்று வேறு திசையில் வீசியது. 1835 இல் மெக்காலேயின் குறிப்பை அடுத்து ஆங்கிலக் கல்விக்கே அரசாங்கப் பணத்தைச் செலவிடுவது என்று பெண்டிங்கு பிரபு முடிவு செய்தார். 1854 இல் உட் அவர்களின் கல்வி அறிக்கை வந்தது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. உத்தியோகத்திற்கு வாயில் ஆங்கிலம் என்றாயிற்று. முன்பு அதிகாரிக்குத் துபாஷி தேவைப்பட்டான். இப்போது மக்களுக்குத் தேவைப்பட்டான். மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனுப்போட வேண்டிய குடியானவன், மனு எழுதுபவரிடம் காசு கொடுத்து நிற்க நேர்ந்தது. அவர் எழுதியது தன் குறைதானா என்று சரிபார்க்கவும் அவனுக்கு வழியில்லை.

அக்காலப் பள்ளிகளில் ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது? இலக்கண விதி, சொற்பட்டியல், மொழிபெயர்ப்பு, மனப்பாடம் ஆகிய நான்கே வழிகள். பெருஞ்சொற்கள் பெருமை தந்தன. சிறு சொற்களின் சேர்க்கையோ கவனிப்பாரற்றுக் கிடந்தது. இத்தனைக்கும் அதன் அருமையை ஆங்கில நாட்டறிஞர் ஒருவர் முன்னமே சுட்டியிருந்தார். 1755 இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையில், ஒரு வினைச்சொல்லின்பின் 'ஆஃப்', 'அவுட்', 'இன்' போன்ற சிறு சொல் சேர்ந்து பொருளையே மாற்றிவிடும் சேர்க்கைகளே அயல்நாட்டார்க்குப் பெருந்தொல்லை தருவன என்று எடுத்துக்காட்டினார். அவ்வகராதியில் நூலாசிரியர்களின் மெய்யான வாக்கியங்கள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவை மேற்கோளாக இடம்பெற்றன. சொல்லின் பொருளை வாக்கியத்திலிருந்தே அறிய வேண்டும் என்ற நெறியை அப்பெரியார் கைக்கொண்டார். ஆனால் பள்ளிக்கூடங்கள் அந்நெறியைப் பின்பற்றவில்லை.

சொற்சேர்க்கையைக் கற்பித்தலின் நடுவில் வைத்த மாற்றம் எங்கே தொடங்கியது என்பது மாணவர்கள் வியந்து கேட்க வேண்டிய செய்தி. அதற்கு வித்திட்டவர்கள் இலண்டனில் ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் அல்லர். ஆசியாவில் வேற்றுமொழிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள். அவர்களுள் இருவர் நம் நாட்டில் பணியாற்றியவர்கள்.

மைக்கேல் வெஸ்ட் என்பவர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். வங்காளத்துச் சிறுவர் பல ஆண்டு ஆங்கிலம் கற்றும் ஒரு புத்தகத்தைத் தாமே படித்தறிய மாட்டாதிருப்பதை அவர் கண்டார். இருமொழிக் கல்வியைப் பற்றி 1926 இல் ஒரு நூல் எழுதினார். அன்றாடம் மிகுதியாக வழங்கும் சொற்களையே முதலில் தந்து, அவற்றைப் படிக்கும் கதைகளில் திரும்பத் திரும்ப வரச்செய்யும் பாடநூல்களை இயற்றினார். 1935 இல் அவர் எண்டிகாட் என்பவரோடு வெளியிட்ட அகராதியில், ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் தரப்பட்டது.

இரண்டாமவர் ஜே. ஆர். ஃபர்த். 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, 1944 இல் இலண்டனில் பொது மொழியியல் பேராசிரியரானார். ஒரு மனிதனை அவன் நண்பரைக் கொண்டு அறிவது போலச் சொல்லையும் அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்னும் கருத்தை அவர் நிலைநாட்டினார். இரவு என்ற சொல்லுக்கு இருள் என்ற சொல் அருகே வருதலே அதன் பொருளில் ஒரு பங்கு என்பது அவர் காட்டிய உதாரணம். பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்று பழமொழி கூறும் நமக்கு இக்கருத்து அரிதில் விளங்குவதன்று.

அதே காலத்தில் ஜப்பானிலும் இவ்வேலை நடந்தது. 1922 இல் அங்குச் சென்ற ஹெரால்டு பாமர், டோக்கியோவில் ஆங்கிலக் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். ஹார்ன்பி என்பவரின் துணையோடு சொற்சேர்க்கைகளைத் திரட்டி, 1933 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். இச்சேர்க்கைகளைப் பிரித்துப் பிரித்துக் கூட்டாமல், முழுதாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் ஹார்ன்பியும் தோழர் இருவரும் தொகுத்த அகராதி, உலகப்போரின் நடுவே 1942 இல் டோக்கியோவில் வெளியாயிற்று. அதனையே 1948 இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுபதிப்புச் செய்தது. இன்று நம் கல்லூரி நூலகங்களில் காணும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பேரகராதி அதன் வழிவந்ததே. ஒவ்வொரு வினைச்சொல்லும் எவ்வெவ்வகை அமைப்பில் வரும் என்பதை வாக்கியம் காட்டி விளக்குவது அதன் சிறப்பு.

நம் மாநிலத்திலும் இவ்வலை வீசியது. 1959 இல் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைப் புதுமுறையில் பயிற்றுவிக்கும் பேரியக்கம் தொடங்கியது. முதலில் சிலரைப் பயிற்றுவித்து, அவர் பலரைப் பயிற்றுவித்து, இவ்வாறு இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை எட்டுவது நோக்கம். உருளும்போதே பெருக்கும் பனிப்பந்தை உவமையாக்கி, இதனை 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்றனர். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965 அக்டோபர் 2 ஆம் நாள்தான் தனி மாவட்டமாயிற்று. அந்த இயக்கம் வாக்கிய அமைப்புகளைப் படிமுறையாகப் பழக்குவதை வலியுறுத்தியது. அமைப்பைப் பழகுதல் நன்றே. ஆயினும் அமைப்பு என்பது வாக்கியத்தின் எலும்புக்கூடு. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் உயிர்ப்புடன் இணையும் என்பது அதன் தசையும் குருதியும். அதற்கு மெய்யான வாக்கியங்கள் ஏராளமாகத் தேவை.

அத்தேவையைக் கணிப்பொறி நிறைவேற்றியது. 1961 இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து பத்து இலட்சம் சொற்களைப் பிரவுன் பல்கலைக்கழகத்தார் கணிப்பொறியில் தொகுத்தனர். நம் நாட்டில், 1978 இல் அச்சான இந்திய ஆங்கில எழுத்துகளிலிருந்து அதே அளவான ஒரு தொகுப்பை, கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி முதலியோர் உருவாக்கினர். பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கோடிக்கணக்கான சொற்களைத் திரட்டி, அவற்றை ஆதாரமாகக் கொண்டு 1987 இல் ஓர் அகராதி வெளியிட்டனர். ஆசிரியர் தாமே இயற்றிய உதாரணங்களை விடுத்து, மக்கள் உண்மையில் எழுதியும் பேசியும் வந்த வாக்கியங்களையே அது காட்டிற்று.

அந்த ஆராய்ச்சியில் ஓர் உண்மை வெளிப்பட்டது. மிகுதியாக வழங்கும் சிறு வினைகள், தமக்கென உள்ள நேர்ப்பொருளைவிட, துணைச்சொல்லோடு கூடியே பெரும்பாலும் பயன்படுகின்றன. 'டேக்' என்பதற்கு 'எடு' என்று நாம் கற்கிறோம். அது வாழும் இடங்களைப் பாருங்கள். 'டேக் எ பஸ்' என்றால் பேருந்தில் செல்லுதல். 'டேக் மெடிசின்' என்றால் மருந்து உட்கொள்ளுதல். 'டேக் எ ஸீட்' என்றால் அமர்தல். 'டேக் டைம்' என்றால் நேரம் ஆதல். 'டேக் பார்ட்' என்றால் பங்குகொள்ளுதல். 'டேக் பிளேஸ்' என்றால் நிகழ்தல். ஆறு இடங்களுக்கும் தமிழில் ஆறு வினைகள். அவற்றுள் ஒன்றேனும் 'எடு' இல்லை.

இதற்கு மறுதலையும் உண்டு. தமிழில் 'போடு' என்னும் ஒரு வினையை நோக்குங்கள். கையெழுத்துப் போடுகிறோம், சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், தேநீர் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம். ஆங்கிலத்தில் கையெழுத்துக்குச் 'சைன்', சட்டைக்குப் 'புட் ஆன்', கோலத்துக்கு 'ட்ரா', தேநீருக்கு 'மேக்', கணக்குக்கு 'டூ' என்று ஒவ்வொன்றும் வேறாகும். ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று இரு மொழிகளையும் இணைக்கும் பாலம் எங்கும் இல்லை. 'மேக்', 'டூ' இரண்டும் நமக்குச் 'செய்' என்றே தோன்றும். ஆனால் தவறு செய்தலுக்கு 'மேக் எ மிஸ்டேக்' என்பர். வீட்டுப்பாடம் செய்தலுக்கு 'டூ ஹோம் ஒர்க்' என்பர். ஏன் என்று கேட்டால் காரணம் காட்டுவது அரிது. பானையை ஏன் வனைகிறோம், கூடையை ஏன் முடைகிறோம் என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்லுவோமோ, அதுவே இங்கும் விடை.

இங்கே ஒரு வினா எழும். இந்தியாவில் நாம் வழங்கும் ஆங்கிலச் சேர்க்கைகள் எல்லாம் பிழைகளா? 'தேர்வு எழுதினேன்' என்பதை நாம் 'ரைட்' என்னும் வினையால் சொல்லுகிறோம். இங்கிலாந்தார் தேர்வை 'டேக்' அல்லது 'ஸிட்' செய்வர். ஆனால் கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தேர்வை 'ரைட்' செய்வோர் உள்ளனர். ஆதலின் அதைப் பிழை என்று தள்ளுதல் பொருந்தாது. முன்னர்க் கண்ட புன்செய்ச் சொல் நமக்குக் கற்பிக்கும் பாடமும் இதுவே: ஒரு சேர்க்கை எங்கே, யாரிடையே, எப்பொருளில் வழங்குகிறது என்று அறிதல் வேண்டும். கல்லூரிப் படிப்பை முடித்தேன் என்னும் கருத்தில் நாம் 'பாஸ்ட் அவுட்' என்று எழுதுகிறோம். நம் நாட்டார்க்கு அது தெளிவாக விளங்கும். அதே தொடரை இலண்டனில் ஒருவர் படித்தால், கல்லூரியில் மயங்கி விழுந்தான் போலும் என்று கருதக்கூடும். இரு வழக்கையும் அறிந்தவன் இடமறிந்து எழுதுவான். ஒன்றையே அறிந்தவன் இடர்ப்படுவான்.

இச்சீமையில் பிறந்த ஒருவரை இவ்விடத்தே நினைத்தல் தகும். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 இல் பிறந்தவர் இராஜாஜி. அவ்வூர் 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. 1951 இல் வெளிவந்த அவருடைய ஆங்கில மகாபாரத நூலை எடுத்துப் பாருங்கள். அகராதியைத் தேடி ஓடவேண்டிய சொற்கள் அதில் மிகச் சிலவே. எளிய சொற்கள் உரிய துணையோடு நிற்பதே அந்நடையின் அழகு.

மாணவர்கள் இதனின்று கொள்ளத்தக்க வழி யாது? ஆங்கிலக் குறிப்பேட்டில் ஒரு சொல்லை எழுதி, எதிரே தமிழ்ப்பொருளை எழுதும் வழக்கத்தைச் சற்று மாற்ற வேண்டும். 'ரெயின் = மழை' என்று எழுதுவதோடு நில்லாமல், செய்தித்தாளிலோ கதையிலோ அச்சொல் வந்த வாக்கியத்தையே எழுதிக்கொள்ளுங்கள். பெருமழை என்பதற்குப் 'பிக் ரெயின்' என்னாமல் 'ஹெவி ரெயின்' என்பதும், பலத்த காற்று 'ஸ்ட்ராங் விண்ட்' ஆவதும் அப்போது தாமே மனத்தில் பதியும். ஒரே சொல்லை மூன்று வாக்கியங்களில் கண்டால் அதன் குணம் புலப்படும். பத்து வாக்கியங்களில் கண்டால் அது நண்பனாகும். அவ்வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, பின்பு அதே சேர்க்கையால் உங்கள் ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'நேற்றுப் பென்னாகரத்தில் பலத்த மழை பெய்தது' என்பதற்கு 'தேர் வாஸ் ஹெவி ரெயின் இன் பென்னாகரம் எஸ்டர்டே' என்று எழுதும் மாணவன், அரைப்பக்கச் சொற்பட்டியலை ஒப்பிப்பவனைவிட ஆங்கிலத்தை மிகுதியாக அறிந்தவன் ஆவான்.

இது மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் செய்தி அன்று. 2011 மக்கள் கணக்கின்படி தருமபுரி மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 68.5 பேர், தமிழ்நாடு முழுமைக்கும் அது 80.1. மாநிலத்தின் மாவட்டங்களுள் மிகக் குறைந்த அளவு அதுவே. இங்கே குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலர். பெருநகரத்து வீடுகளில் ஆங்கிலம் பேசும் பெற்றோரிடமிருந்து ஒரு குழந்தை சொற்சேர்க்கைகளைத் தாய்ப்பாலோடு பெறுகிறது. அரூரிலோ பாலக்கோட்டிலோ மாந்தோப்பில் உழைக்கும் பெற்றோரின் குழந்தைக்கு அப்பேறு இல்லை. அக்குழந்தைக்குச் சொற்களைத் தனித்தனியே பொறுக்கிக் கொடுத்து, அவற்றின் துணைகளைக் கொடாமல் விடுவது, விதையைக் கொடுத்து நிலத்தை மறுப்பதற்கு ஒப்பாகும். பிறர் வீட்டில் இயல்பாகக் கிடைப்பதைப் பள்ளிக்கூடமே அதற்குத் தேடித் தரவேண்டும்.

தேர்வுக் காலத்தில் ஆயத்த விடைப் புத்தகங்களை அப்படியே மனப்பாடம் செய்யும் மாணவனும், தன் விண்ணப்பத்தைப் பிறர் எழுதித்தரக் கையெழுத்து மட்டும் இடும் பட்டதாரியும் இன்றும் துபாஷியின் துணையை நாடுகிறவர்களே. நொடிப்பொழுதில் மொழிபெயர்த்துத் தரும் கருவிகள் இப்போது கைக்குள் வந்துவிட்டன. அவை பெரிதும் பயன்படுவன. எனினும் அவை தந்த வாக்கியம் தன் கருத்தைத்தான் சொல்லுகிறதா என்று அறிய, படிப்பவனுக்கும் அச்சேர்க்கைகள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் நிலை, 1792 க்கு முன் சென்னையில் துபாஷி சொன்னதற்கெல்லாம் தலையசைத்த அதிகாரியின் நிலையே.

தருமபுரிக்கு வந்த அன்னியர் இந்நாட்டு மொழிகளைப் பழகியது, பிறர் வாயால் கேட்பதை விட்டுத் தம் காதால் கேட்பதற்காக. நாம் ஆங்கிலத்தைப் பழகுவதற்கும் அதுவே தக்க நோக்கம். நம் குறையை நாமே எழுதவும், நமக்கு வந்த காகிதத்தை நாமே படித்தறியவும் வேண்டும். அதற்குப் பெருஞ்சொற்கள் தேவையில்லை. களிக்குக் கிண்டுதலும் கீரைக்குக் கடைதலும் துணை என்று இயல்பாக அறிந்த நம் பிள்ளைகளுக்கு, 'மிஸ்டேக்'குக்கு 'மேக்' துணை என்று அறியும் ஆற்றல் இல்லாமற் போகாது. மெய்யான வாக்கியங்களை நாள்தோறும் அவர் கண்முன் வைப்பது ஆசிரியரின் கடமை. அவற்றைத் தொகுத்துப் போற்றுவது மாணவரின் கடமை.